முதல் நாள் பாதியிலேயே நிறுத்துங்கள்: ஜிம்முக்குப் புதியவர்களுக்கு

ஆறு வருடங்களுக்கு முன்னால், முப்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஜிம்மில் பணம் கட்டினேன். முதல் நாளே டிரெயினர் நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட வைத்தார், இருபது இருபதாக ஐந்து செட். முடித்தபோது கால் நடுங்கியது, ஆனால் வலி ஒன்றும் இல்லை. இரவு நன்றாகவே தூங்கினேன். மறுநாள் காலையில் தொடை கனத்தது. அதற்கு மறுநாள்தான் கொடுமை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஏறுவதை எப்படியோ சமாளித்துவிட்டேன். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. டிரெயினருக்கு போன் போட்டுச் சொன்னேன். "வலிக்குதா தம்பி? அப்போ கரெக்டா செஞ்சிருக்கீங்க" என்றார். ஒரு வாரம் போகாமல் இருந்தேன். அந்த ஒரு வாரம் எட்டு மாதம் ஆகிவிட்டது.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சால் முதல் வாரத்திலேயே ஓடிப்போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உடற்பயிற்சி செய்தால் தசைக்குள் என்ன நடக்கிறது, அது எத்தனை நாளில் சரியாகிறது, அந்தக் கணக்கை வைத்து முதல் மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்று நாள் வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

நெஞ்சு வலி, இதய நோய், கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு அல்லது சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும். ஷூ, கையுறை, புரோட்டீன் டப்பா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் மூன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையும் பெரியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்றுதான் சொல்கிறது. இரண்டு நாளையும் ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். திங்கள், வியாழன் என்று இடைவெளி விட்டு வையுங்கள். இடைவெளி ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் நாள்: செய்ய முடிந்ததில் பாதி

ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இந்த ஐந்தையும் செய்யுங்கள்:

நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. இதுதான் ஸ்குவாட்டின் முதல் படி.

சுவரிலோ மேசை விளிம்பிலோ கையை ஊன்றி புஷ்-அப்.

ஒரு கையை பெஞ்சில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் இருக்கும் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. ஜிம்மில் இதை ரோ என்பார்கள்.

முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிர்வது. கையில் லேசான எடை இருக்கட்டும்.

இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி நடப்பது. வீட்டில் செய்கிறவர்களுக்கு அரை வாளித் தண்ணீர் போதும்.

முதல் நான்கும் எட்டெட்டு தடவை, இரண்டு செட். செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. எட்டாவது தடவை முடியும்போது "இன்னும் அஞ்சாறு போடலாமே" என்று தோன்றுகிற அளவுக்கு எடை இருக்கவேண்டும். மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியே வரும்போது "இவ்வளவுதானா?" என்று ஒரு ஏமாற்றம் வரும். வரட்டும், நீங்கள் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஏன் பாதி? இதைப் புரிந்துகொள்ள உங்கள் இரண்டு கை விரல்களையும் சீப்புப் போல ஒன்றுக்குள் ஒன்றாக லேசாகக் கோத்துப் பாருங்கள். இப்போது இரண்டு கையையும் நெருக்குங்கள். விரல் ஒன்றும் சுருங்கவில்லை, ஆனால் மொத்த நீளம் குறைகிறது. தசை இப்படித்தான் சுருங்குகிறது. மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. 1954-ல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் ஒரு பக்கம், ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், தனித்தனியாக இதைக் கண்டுபிடித்து நேச்சர் இதழின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். இப்படி இழைகள் கோத்திருக்கும் ஒரு அலகை, அதாவது ஒரு கோப்பை, சார்க்கோமியர் என்பார்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான். ஒரு தசை நாரில் இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள் சங்கிலியாக வரிசைகட்டி நிற்கின்றன.

எடையைத் தூக்கும்போது கோப்புகள் நெருங்குகின்றன. அதே எடையை மெதுவாக இறக்கும்போதுதான் சிக்கல். தசை பிடியை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும், எடையோ அதை நீட்டிக்கொண்டிருக்கும். அதே எடையைத் தூக்குவதற்கு வேலை செய்யும் நார்களைவிடக் குறைவான நார்களே இறக்கும்போது வேலை செய்வதால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் அதிகம். வரிசையில் பலவீனமான கோப்புகள் அளவுக்கு மீறி நீண்டு, சில பிய்ந்துகொள்கின்றன. படி ஏறியதைவிட இறங்கியபோது என் தொடை அதிகம் வலித்ததும் இதனால்தான். இறங்கும் ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது, வலித்தது இறங்கிய மறுநாள் என்பார்கள்.

இப்போது நல்ல செய்தி. இப்படி ஒரு தடவை அடிபட்ட தசை அடுத்த தடவைக்கு உடனே தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. அதே பயிற்சியை ஒன்றிரண்டு வாரம் கழித்துச் செய்தால் வலியும் பழுதும் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் காப்பு பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில்கூட நிற்கும். எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது: இந்தக் காப்பைப் பெற நொந்துபோகும்வரை செய்யத் தேவையே இல்லை. லேசான எடையை நிதானமாக இறக்கினாலே தசை அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. லேசாகச் செய்ததால் கிடைக்கும் காப்பு சீக்கிரமே மங்கும் என்பதுதான் ஒரே குறை. அதனால் இரண்டாவது நாளைத் தள்ளிப்போடக்கூடாது. முதல் நாள் நூறு ஸ்குவாட் போட்டு எட்டு மாதம் காணாமல் போவதற்கு, பதினாறு போட்டுவிட்டு வியாழக்கிழமை திரும்பி வருவது எவ்வளவோ மேல்.

அன்று இரவு: சாப்பாடும் தூக்கமும்

தசைக்குள் புரதம் எப்போதும் கட்டப்பட்டுக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கிறது. எடைப் பயிற்சி செய்தால் கட்டும் வேலை சூடுபிடித்து, ஒன்று முதல் இரண்டு நாள்வரை வேகமாக நடக்கிறது. ஜிம்மில் நீங்கள் செய்தது வேலைக்கு உத்தரவு போட்டது மட்டும்தான். கட்டடம் எழும்புவது அதற்கு அப்புறம் வரும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் இடைவெளி விடச் சொன்னதன் காரணம் இதுதான்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் அரிசி தாராளம், புரதம் கம்மி. சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது கணக்கு. எடை தூக்கத் தொடங்கியவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை இருந்தால் நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 72-லிருந்து 96 கிராம். மிரள வேண்டாம், இதோ ஒரு நாள் கணக்கு:

காலையில் மூன்று இட்லி, சாம்பார், கூடவே மூன்று முட்டை: சுமார் 25 கிராம். மதியம் சாதத்தோடு 100 கிராம் சமைத்த கோழி: சுமார் 28. சைவம் என்றால் 50 கிராம் சோயா உருண்டை, ஏறத்தாழ 26. சாயந்திரம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு பிடி வேர்க்கடலையும்: 16 அல்லது 17. இரவு இரண்டு சப்பாத்தி, பருப்பு, 50 கிராம் பன்னீர், ஒரு டம்ளர் பால்: 25-க்குப் பக்கம். கூட்டிப் பாருங்கள், 90-ஐத் தாண்டுகிறது. இதில் டப்பா பவுடர் ஒரு ஸ்பூன்கூட இல்லை. பவுடர் கெட்டது என்று நான் சொல்லவில்லை, சாப்பாட்டில் எட்டாதவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

சோற்றை நிறுத்தாதீர்கள். ஜிம்மில் சேர்ந்த அன்றே சோற்றைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கடுமையான வேலைக்குத் தசை எரிப்பது தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை. பெரியவர் ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். பயிற்சியில் காலியானதை நிரப்ப மாவுச்சத்து வேண்டும், ஏறக்குறைய ஒரு நாளும் ஆகும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட வைத்துக்கொள்ளும். முதல் சில வாரங்களில் எடை மெஷினில் ஒரு கிலோ ஏறினால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது தண்ணீர்தான்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். வளர்ச்சி ஹார்மோனின் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. இரவு ஒரு மணிவரை போன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைத்து ஜிம்முக்கு ஓடுவதைவிட, அன்று தூங்கிவிட்டு மறுநாள் போவது நல்லது.

இரண்டாம், மூன்றாம் நாள்: வலி வந்துவிட்டது

பாதியில் நிறுத்தியும் சிலருக்கு வலி வரும். புதிய பயிற்சியால் வரும் இந்த வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் போய்விடும். எல்லாரும் இதை லாக்டிக் ஆசிட் வலி என்பார்கள், டிரெயினர்கள்கூட. அப்படி இல்லை. பயிற்சியின்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன, கல்லீரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. திங்கள் சாயந்திரமே காலியாகிவிட்ட பொருள் புதன்கிழமை எப்படி வலிக்கவைக்கும்? 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் இந்தப் பிந்திய வலியைச் சாதாரணக் களைப்பிலிருந்து பிரித்துக்காட்டி, தசைக்குள் ஏதோ கிழிசல் நடந்திருக்கவேண்டும் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் தசையில் லாக்டிக் அமிலம் எப்படி உருவாகிறது என்ற ஆராய்ச்சி பெரும்புகழ் பெற்றது. ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹாஃபுக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே கிடைத்தது. நூறு வருடம் கழித்தும் ஜிம்மில் எல்லாப் பழியும் அந்த அமிலத்தின் தலையில்தான் விழுகிறது.

உண்மையில் நடப்பது பழுதுபார்ப்பு. பிய்ந்த இடத்தில் கால்சியம் கசிகிறது. சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்கள் வந்து குப்பையை அள்ளத் தொடங்குகின்றன. அடுத்த ஓரிரு நாளில் வேறு வகை அணுக்கள் வந்து, சுத்தம் செய்துகொண்டே புதுக் கட்டுமானத்துக்கும் சமிக்ஞை கொடுக்கின்றன. இடமே வீங்குகிறது, நரம்பு முனைகள் கூச்சம் கொள்கின்றன, தொட்டாலே வலிக்கிறது.

இந்த நாட்களில் செய்யவேண்டியது எளிது. மெதுவாக நடங்கள், வீட்டு வேலை செய்யுங்கள். அசைவு இருக்கிறவரை வலி குறைவாகத் தெரியும். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். நன்றாக அமுக்கிவிட்டாலும் வலி கொஞ்சம் தணியும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பதால் இந்த வலி குறைந்ததாகத் தெரியவில்லை. பிடித்தால் செய்யலாம், வலிக்கு மருந்தாக எண்ணிச் செய்யாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஒன்று வலி மாத்திரை. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை, அதுவும் வியர்த்து வற்றிய உடம்பில். தவிர, வீக்கமும் பழுதுபார்ப்பின் ஒரு பகுதிதான். இளைஞர்கள் அந்த மாத்திரைகளை அதிக அளவில் வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டே பயிற்சி செய்தபோது தசை வளர்ச்சி குறைந்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. மற்றொன்று ஐஸ் குளியல். கிரிக்கெட் வீரர்கள் செய்வதைப் பார்த்துப் பலருக்கும் ஆசை. நாளைக்கே மறுபடி விளையாடவேண்டியவருக்கு அது உதவும். தசையை வளர்க்க விரும்பி ஒவ்வொரு எடைப் பயிற்சிக்கும் பிறகு ஐஸில் உட்கார்ந்தால் வளர்ச்சி மட்டுப்படுகிறது. நமக்கு நாளைக்கு மேட்ச் இல்லை, ஐஸ் வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள்.

அளவுக்கு மீறிச் செய்தால் சில சமயம் தசை நார்கள் பெருமளவில் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கொட்டிவிடும். அது சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும் அளவுக்குப் போகலாம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் குண்டுவீச்சின்போது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து தொடங்கிய அந்தக் கேட்டை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1941-ல் பதிவு செய்தார்கள். முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட்டோ புல்-அப்போ போட்ட திடகாத்திரமானவர்களுக்கும் இதே வகைப் பாதிப்பு வருகிறது.

அடையாளங்கள்: சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் அல்லது கோலா நிறத்தில் போவது. செய்த பயிற்சியின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி. கையோ தொடையோ கல்லாக வீங்கி மடக்க முடியாமல் போவது. நாளாக ஆகப் பலவீனம் கூடுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பயிற்சி, எத்தனை தடவை செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் சலைன் ஏற்றியே காப்பாற்றிவிடலாம்.

கத்திரி வெயிலில், தண்ணீர் குடிக்காமல், காய்ச்சலோடு, நீண்ட நாள் விட்டுத் திரும்பி வந்த அன்று என்றால் ஆபத்து கூடுதல். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனமாக இருக்கவேண்டும். நண்பர்கள் போடும் "நூறு புஷ்-அப் சேலஞ்ச்" எதிலும் முதல் மாதம் சேராதீர்கள். கூச்சப்படாமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை: திரும்பிப் போகலாமா?

லேசான வலி மிச்சம் இருந்தாலும் போகலாம். ஐந்து நிமிடம் நடந்து, எடை இல்லாமல் நாலைந்து ஸ்குவாட் செய்து பாருங்கள். வலி இளகிவிட்டால் தொடருங்கள். இளகாமல், வலிக்குப் பயந்து உடம்பைக் கோணிக்கொண்டு செய்கிறீர்கள் என்றால் அன்று நடையோடு வீடு திரும்புங்கள். வலி சதையில் இருக்கிறதா மூட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சதை முழுக்கப் பரவிய மந்தமான வலி பயிற்சி வலி. மூட்டில் ஒரு புள்ளியில் குத்தினால், அல்லது பயிற்சி நடக்கும்போதே சுளீரென்று வந்தால், அது வேறு. அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

இன்னொன்று. வலி போய்விட்டது என்பதால் பலம் முழுக்கத் திரும்பிவிட்டது என்றோ, பலம் திரும்பாததால் ஏதோ கெட்டுவிட்டது என்றோ எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. போன தடவை சுலபமாக இருந்த எடை இன்று கனத்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான்காவது முறைக்குள் வலி வருவதே நின்றுபோகும். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். "வலிக்கவே இல்லையே, வேஸ்ட்டோ" என்று வாராவாரம் புதுப் புதுப் பயிற்சியாக மாற்றி வலியைத் தேடிப்போகிறார்கள். வலி நின்றால் தசை கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். முன்னேற்றத்தை நோட்டில் பாருங்கள்: தேதி, எடை, எத்தனை தடவை. அந்த மூன்றும் போதும்.

முதல் மாதம்: பலம் கூடும், சதை கூடாது

நாலு வாரத்துக்குள் நோட்டில் எண்கள் வேகமாக ஏறும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இதுதான் இயல்பு. ஆரம்பத்தில் வரும் பலத்தின் பெரும்பங்கு நரம்புகளுடையது. மூளை ஒரே நேரத்தில் அதிக நார்களை வேலைக்கு அழைக்கப் பழகுகிறது, எதிர்ப்பக்கத் தசை தேவையில்லாமல் இறுகுவதைக் குறைத்துக்கொள்கிறது. 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு சோதனை செய்தார். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியே பெறாத மறு கையிலும் பலம் கூடியது! அந்தக் கையின் தசை எந்த எடையையும் தூக்கவில்லை. கற்றுக்கொண்டது மூளையும் தண்டுவடமும். ஒரு கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு இன்றும் இது பயன்படுகிறது. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும் கையின் பலம் அவ்வளவாகக் குறைவதில்லை.

அதனால் முதல் மாதத்தின் வேலை சரியான அசைவைப் பழகுவது. எடை இரண்டாம்பட்சம். இறக்கும்போது மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள், எகிறாமல் ஏறுங்கள். செட்டை மூன்றாக்கலாம். இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இதற்குமேல் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி ஒன்றைத் தள்ள முதல் மாதத்தில் அவசியமே இல்லை.

இரண்டாம், மூன்றாம் மாதம்: எடையை ஏற்றும் கணக்கு

இனிமேல்தான் நார்கள் மெல்லத் தடிக்கும். வளர்ந்த தசை நார் தானே இரண்டாகப் பிரிந்து பெருகாது. அதன் மேலுறைக்கு அடியில் சின்னஞ்சிறு செல்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மாரோ தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டு, துணைக்கோள் செல்கள் என்று பெயர் வைத்தார். தசைக்கு அடி பட்டால் இவை விழித்துப் பெருகி, நாரோடு இணைந்து, தங்கள் உட்கருவை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. பழுதைச் சரிசெய்வதும், பெரிதாகும் நாரைத் தாங்குவதும் இவற்றின் தயவால்தான்.

எடையை ஏற்றுவதற்கான கணக்கை நமக்குத் தந்தவர் தாமஸ் டிலோர்ம். அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்தவர், எடை தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப்போரில் காயப்பட்டு வந்த வீரர்களின் கால்கள் லேசான பயிற்சியில் தேறாமல் மாதக்கணக்கில் கிடந்தபோது, அவர் கனமான எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்து, படிப்படியாக எடையைக் கூட்டினார். 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். பத்துப் பத்தாக மூன்று செட் என்று இன்று எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்களே, அது 1940-களில் அவர் வகுத்த முறையின் வழி வந்தது. காயம்பட்டவர்களுக்காகப் பிறந்த கணக்கு என்பதால் புதியவர்களுக்கு அது பொருந்துவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: எட்டில் தொடங்குங்கள். வாரம் ஒன்றிரண்டு கூட்டிப் பன்னிரண்டுக்கு வாருங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு, அதுவும் இரண்டு மிச்சம் வைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் முடிந்தால் எடையைக் கூட்டுங்கள். கைக்கு ஒரு கிலோ, காலுக்கு இரண்டரை கிலோ. எடை கூடியதும் மறுபடி எட்டு. அவ்வளவுதான். பிளேட் வெறும் ஒன்றேகால் கிலோவாக இருந்தாலும் அது கூடுதல் எடைதான்.

அவசரம் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தசை வாரக்கணக்கில் பலப்படும். அதை எலும்போடு கட்டும் தசைநாண் மாதக்கணக்கில்தான் பலப்படும், அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகி, அப்போது வளர்ந்த எல்லா உயிர்களின் உடம்பிலும் சேர்ந்தது. டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தடயமாக வைத்துக் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் உட்பகுதி பதினேழு வயதுவாக்கில் உருவாகி முடிந்து, அப்புறம் ஏறக்குறைய மாறாமலே இருப்பது 2013-ல் தெரியவந்தது. அதே ஆட்களின் தசையில் அந்தத் தடயம் மிஞ்சவில்லை, தசை தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாம் மாதம் "பலம் வந்துடுச்சு" என்று எடையைத் தாவி ஏற்றுகிறவர்களுக்கு முழங்கையிலும் முட்டிக்குக் கீழேயும் வலி வருவது இந்த வேக வித்தியாசத்தால்தான். அப்படி வந்தால் எடையைப் பாதியாக்கி, மெதுவாகச் செய்து, ஓரிரு வாரம் பாருங்கள்.

ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லேசான வாரம் விடுங்கள். அதே பயிற்சி, பாதி செட். தூக்கம் கெடுவது, காலையில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருப்பது, நோட்டில் எண்கள் தொடர்ந்து இறங்குவது என்று தெரிந்தால் தேதி பார்க்காமல் அந்த வாரத்தை அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனால்

கல்யாணம், பரீட்சை, காய்ச்சல் என்று விட்டுப்போகத்தான் செய்யும். இரண்டு வாரம் விட்டால், சேர்த்த பலம் பெரிதாகக் குறையாது. திரும்பி வரும்போது பழைய எடையில் முக்கால் பங்கு. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பாதி, இரண்டே செட். காப்பு மங்கியிருக்கும், ஆனால் நோட்டில் பழைய எண் கண்ணில் படும். அதைத் தொட்டே தீரவேண்டும் என்று தோன்றும். தொடாதீர்கள். ஒரு தடவை கற்ற தசைக்கு இரண்டாவது முறை ஏறுவது முதல் தடவையைவிடச் சீக்கிரம் கைகூடும்.

வயதானவர்களுக்கு

இதையெல்லாம் இளவட்டங்களின் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒன்று. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் முட்டியை நீட்டும் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் கற்றுக்கொள்கிறது.

போன வருடம் அறுபத்து மூன்று வயதில் என் அம்மா தொடங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஐந்து, சமையல் மேடையில் கையூன்றி புஷ்-அப் ஐந்து. அது போதும், எழுந்திருங்கள் என்றேன். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "லேசா தொடை வலிக்குதுடா. படி இறங்குறப்பதான். ஏறுறப்ப ஒண்ணுமில்ல. ஏன்டா அப்படி?" என்று கேட்டார். விரல்களைக் கோத்துப் பார்க்கச் சொல்லி, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்போ நாளைக்கு ஆறு போடட்டுமா?" என்றார்.

"நாளைக்கும் அஞ்சே போடுங்கம்மா. அடுத்த வாரம் ஆறு."